மணிக்கூலியும் முப்பது ஆண்டுக் கடனும்

பிரிட்டனில் ‘ஜீரோ அவர்ஸ்’ ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. மணிக்கு எவ்வளவு சம்பளம் என்பது அதில் எழுதியிருக்கும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை என்பது எழுதியிருக்காது. ஆள் தேவைப்பட்டால் முதலாளி கூப்பிடுவார், தேவையில்லை என்றால் கூப்பிட மாட்டார். கூப்பிட்டாலும் போயே தீரவேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் இல்லை. இப்படி வேலை பார்ப்போர் அந்நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேல். உணவகங்கள், கிடங்குகள், கடைகள், முதியோரைக் கவனிக்கும் கேர் ஹோம்கள் என்று பல இடங்களில் இவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் பராமரிப்புத் துறையில் மட்டும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இந்த வகை. லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் குடியேறிய இலங்கைத் தமிழர்களிலும், கணவன் அல்லது மனைவியின் விசாவில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களிலும் இந்த ஒப்பந்தத்தில் உழைப்போர் உண்டு.

ஒரு வாரம் 45 மணி நேரம், அடுத்த வாரம் 18 மணி நேரம் என்று ஏறி இறங்கும் இந்த வருமானத்தை வைத்து வீட்டுக் கடன் வாங்க முடியுமா என்ற கேள்விக்கு, ‘நிரந்தர வேலை இல்லாதவருக்கு மார்ட்கேஜ் கிடைக்காது’ என்பதுதான் அக்கம்பக்கத்தில் சொல்லப்படும் பதில். அது சரியல்ல. இந்த ஒப்பந்தக்காரருக்குக் கடன் தரக்கூடாது என்று பிரிட்டனில் எந்தச் சட்டமும் இல்லை. கொடுக்கும் வங்கிகள் இருக்கின்றன, கொடுக்காத வங்கிகளும் இருக்கின்றன. கொடுக்கும் வங்கிகளிலும் ஒரே ஆளின் வருமானத்தை ஒன்று ஒரு விதமாகவும் இன்னொன்று வேறு விதமாகவும் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே தெரிந்துகொள்வதில்தான் காரியம் இருக்கிறது.

விதி கேட்பது சான்று

2007-க்கு முந்தைய ஆண்டுகளில் பிரிட்டனில் வீட்டுக் கடன் வாங்குவது மிகச் சுலபமாக இருந்தது. ‘செல்ஃப் சர்ட்’ என்று அழைக்கப்பட்ட கடனில், தன் வருமானம் இவ்வளவு என்று வாங்குபவரே எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், ஆதாரம் கேட்கமாட்டார்கள். சுயதொழில் செய்வோருக்காக வந்த அந்த ஏற்பாடு எல்லோருக்கும் பரவியது. வீட்டு விலைக்கு மேலேயே, 125 சதவீதம் வரை கடன் கொடுத்த நார்தர்ன் ராக் வங்கியின் வாசலில் 2007 செப்டம்பரில் பணத்தை எடுக்க மக்கள் வரிசை கட்டி நின்றார்கள். அந்த நிதி நெருக்கடி ஓய்ந்த பிறகு, நிதித்துறையைக் கண்காணிக்கும் எஃப்.சி.ஏ. அமைப்பு 2014 ஏப்ரல் 26 முதல் விதிகளை இறுக்கியது. கடன் கேட்பவரின் வருமானத்தை வங்கியே சான்றுகளோடு சரிபார்க்க வேண்டும். வீட்டுச் செலவு, பிற கடன்கள் எல்லாம் போக மாதத் தவணை கட்ட முடியுமா என்று கணக்குப் பார்க்க வேண்டும். ‘செல்ஃப் சர்ட்’ கடன் அத்தோடு முடிந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வருமானத்துக்குப் போதுமான சான்று வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது. இத்தனை மாத பே ஸ்லிப் வேண்டும், இத்தனை மணி நேரத்துக்கு உத்தரவாதம் வேண்டும் என்று எண் எதையும் அது வைக்கவில்லை. ‘பன்னிரண்டு மாத வரலாறு வேண்டும்’, ‘இரண்டு ஆண்டு வேண்டும்’ என்பதெல்லாம் அந்தந்த வங்கி தனக்குத் தானே வகுத்துக்கொண்ட கொள்கை. அதனால்தான் ஒரு வங்கி மறுத்ததை இன்னொரு வங்கி ஏற்கிறது. முதல் மறுப்போடு மனம் தளர்ந்து வீடு வாங்கும் எண்ணத்தையே கைவிடுபவர்கள், விதியையும் கொள்கையையும் ஒன்றாக எண்ணிக்கொள்கிறார்கள்.

எதிர்காலத்தைப் பற்றி ஒப்பந்தம் எதையும் சொல்லாதபோது வங்கிக்கு எஞ்சுவது கடந்த காலம்தான். வழக்கமாக வங்கிகள் எதிர்பார்ப்பது, ஒரே முதலாளியிடம் குறைந்தது பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வேலை செய்த வரலாறு. முதலாளி மாறியிருந்தாலும் தொழில் மாறவில்லை என்றால் சில வங்கிகள் ஏற்கும். ஒரு கேர் ஹோமிலிருந்து இன்னொரு கேர் ஹோமுக்குப் போனவரைப் பார்ப்பதுபோல், கிடங்கிலிருந்து கேர் ஹோமுக்குப் போனவரைப் பார்க்கமாட்டார்கள். இடையில் சில வாரங்கள் வேலை இல்லாமல் இருந்தால் விளக்கம் கேட்பார்கள். ஊருக்குப் போய்வந்த நான்கு வாரத்துக்குப் பயணச்சீட்டே விளக்கமாகிவிடும். மூன்று மாத வெற்றிடத்துக்கு அது போதாது.

சராசரியின் சூட்சுமம்

இந்த விஷயத்தின் மையம் சராசரிதான். மாறும் வருமானத்தை ஒரே எண்ணாக்க வங்கி கடைசி மூன்று மாதம், ஆறு மாதம், பன்னிரண்டு மாதம் என்று ஏதோ ஒரு காலத்தின் சராசரியை எடுக்கும். பல வங்கிகள் இரண்டு சராசரிகளைப் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதை வைத்துக்கொள்ளும்.

ஒரு கணக்கு இதை விளக்கும். கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் ஒருவர் மொத்தம் 21,600 பவுண்ட் சம்பாதித்திருக்கிறார். மாதச் சராசரி 1,800. ஆனால் கடைசி மூன்று மாதத்தில் வேலை மந்தம். அந்த மூன்றும் சேர்ந்து 4,650, அதாவது மாதம் 1,550. பன்னிரண்டு மாதச் சராசரியை எடுக்கும் வங்கிக்கு இவருடைய ஆண்டு வருமானம் 21,600. மூன்று மாதச் சராசரியை எடுக்கும் வங்கிக்கு 18,600. வருமானத்தைப்போல் நாலரை மடங்கு வரை கடன் என்று வைத்துக்கொண்டால், முதல் வங்கியில் 97,200 பவுண்ட், இரண்டாவது வங்கியில் 83,700 பவுண்ட். ஆளும் மாறவில்லை, வேலையும் மாறவில்லை; 13,500 பவுண்ட் வித்தியாசம் வந்துவிட்டது. இதைத் தலைகீழாகத் திருப்ப முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸ் காலத்தில் மூன்று மாதம் மாடாய் உழைத்துச் சம்பளத்தை ஏற்றிக்கொண்டு ஜனவரியில் போய் நின்றால், வங்கி பன்னிரண்டு மாதச் சராசரியைப் பார்க்கும். குறைந்ததை எடுக்கும் வழக்கம் இந்த மாதிரி ஏற்றங்களுக்காகவே வந்தது.

விடுமுறைச் சம்பளம் இன்னொரு சிக்கல். நேரம் மாறி மாறி வேலை செய்வோருக்கு விடுமுறைக்கான தொகையை ஒவ்வொரு சம்பளத்தோடும் சேர்த்தே கொடுத்துவிடலாம் என்று, 2024 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் விடுமுறை ஆண்டுகளுக்குச் சட்டம் அனுமதிக்கிறது. அது சம்பளத்தில் 12.07 சதவீதம். இந்த விநோத எண் வந்த வழி எளிது: ஆண்டுக்கு 52 வாரத்தில் 5.6 வாரம் சட்டப்படியான விடுமுறை, மீதி 46.4 வாரம் வேலை, 5.6-ஐ 46.4-ஆல் வகுத்தால் 12.07 சதவீதம். இப்படிச் சம்பளம் பெறுபவர் விடுமுறையில் இருக்கும் வாரத்தில் கையில் எதுவும் வராது. ஆகவே ஒரு வாரச் சம்பளத்தை 52-ஆல் பெருக்கி இதுதான் ஆண்டு வருமானம் என்று நம்பிக்கொண்டு வீடு பார்க்கக் கிளம்புபவர் ஏமாறுவார். வங்கி அப்படிப் பெருக்காது. உண்மையில் கிடைத்த ஆண்டு மொத்தத்தைப் பார்க்கும்.

தாள்கள் பேச வேண்டும்

2019 ஏப்ரல் 6 முதல், சம்பளம் வேலை நேரத்தைப் பொறுத்து மாறும் எல்லோருக்கும் எத்தனை மணி நேரத்துக்கு இந்தச் சம்பளம் என்று பே ஸ்லிப்பில் காட்டியாக வேண்டும். வங்கிக்கு இது மிக உதவும். மாதச் சம்பளம் குறைந்தது மணிக்கூலி குறைந்ததாலா, நேரம் குறைந்ததாலா என்பது தெரிந்துவிடும். பே ஸ்லிப்பை வாங்கியவுடன் தொலைத்துவிடும் பழக்கம் இந்த வேலையில் இருப்போருக்கு ஆகாது; வாரச் சம்பளக்காரர் என்றால் ஆண்டுக்கு 52 தாள் சேரும், அத்தனையும் வேண்டும்.

அடுத்தது பி60. வரி ஆண்டு ஏப்ரல் 5-இல் முடிகிறது. அன்று வேலையில் இருந்த ஒவ்வொருவருக்கும் அந்த ஆண்டின் மொத்தச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் இந்தத் தாளை மே 31-க்குள் முதலாளி கொடுக்க வேண்டும். இரண்டு இடத்தில் வேலை என்றால் இரண்டு பி60. இடையில் விலகிய வேலைக்கு பி45. ஏற்ற இறக்கங்களையெல்லாம் விழுங்கிவிட்டு ஆண்டு மொத்தத்தை ஒரே எண்ணாகச் சொல்வதால், ஜீரோ அவர்ஸ் தொழிலாளிக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் பே ஸ்லிப்பின் ‘ஆண்டு இதுவரை’ என்ற கட்டம் புதிதாகத் தொடங்கியிருக்கும். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பி60 கைக்கு வந்த பிறகு, ஜூனில் விண்ணப்பிப்பது பலருக்கு வசதியாக அமைவது இதனால்தான். தாள் தொலைந்தவர் வரித்துறையின் இணையக் கணக்கில் நுழைந்து, கடந்த ஐந்து ஆண்டுகளில் எந்த முதலாளியிடம் எவ்வளவு வருமானம் என்பதைப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

இவற்றோடு மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கை. பே ஸ்லிப்பில் உள்ள நிகரத் தொகை அப்படியே கணக்கில் வந்திருக்க வேண்டும். சம்பளத்தில் ஒரு பகுதியைக் கையில் ரொக்கமாக வாங்கும் வழக்கம் சில கடைகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும் உண்டு. அந்தப் பணம் வங்கியின் கண்ணில் இல்லாத பணம். மாதம் 400 பவுண்ட் ரொக்கமாக வாங்கி வரியை மிச்சப்படுத்துபவர், மேலே சொன்ன நாலரை மடங்குக் கணக்கில் 21,600 பவுண்ட் கடன் தகுதியை இழக்கிறார். வரி ஏய்ப்பு குற்றம் என்பது ஒருபுறமிருக்க, வெறும் லாப நட்டக் கணக்கில்கூட இது கட்டுப்படியாகாத வியாபாரம்.

கலப்பு வருமானங்கள்

எல்லோருடைய நிலைமையும் சுத்தமான ஜீரோ அவர்ஸ் அல்ல. சூப்பர் மார்க்கெட்டில் வாரம் 16 மணி நேர ஒப்பந்தத்தில் சேர்ந்து வழக்கமாக 35 மணி நேரம் உழைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் உள்ள 16 மணி நேரச் சம்பளத்தை வங்கி முழுதாக எடுத்துக்கொள்ளும். மேற்கொண்டு உழைத்ததில் பாதியை எடுக்கும் வங்கியும் உண்டு, வரலாறு இருந்தால் முழுதையும் எடுக்கும் வங்கியும் உண்டு. ஆகவே விண்ணப்பிக்குமுன் ஒப்பந்த நேரத்தை 16-லிருந்து 24 ஆக்கித் தரும்படி முதலாளியிடம் கேட்டுப் பார்ப்பது, சம்பள உயர்வு கேட்பதைவிடப் பலன் தரலாம். உழைப்பு கூடாது, சம்பளமும் கூடாது. வங்கி மதிக்கும் வருமானம் மட்டும் கூடும்.

தேசிய சுகாதாரச் சேவையில் நிரந்தர வேலையோடு கூடுதலாக, ஆள் தேவைப்படும்போது கூப்பிடும் ‘பேங்க் ஷிஃப்ட்’ பார்க்கும் நர்ஸ்களின் கதையும் இதேதான். இரண்டாவது வேலையைப் பொறுத்தவரை, ஜீரோ அவர்ஸ் தொழிலாளியை வேறெங்கும் வேலை பார்க்கக்கூடாது என்று கட்டிப்போடும் நிபந்தனை 2015 மே முதல் செல்லாது. இரண்டு இடத்தில் ஷிஃப்ட் பார்க்கலாம். ஆனால் கடன் கணக்கில் சேர இரண்டாவது வேலைக்கும் சில மாத வரலாறு கேட்பார்கள்.

உணவு டெலிவரி, டாக்சி ஓட்டுவோர் வேறு வழியில் போக வேண்டும். ஊபர் ஓட்டுநர்களுக்குத் தொழிலாளர் உரிமைகள் உண்டு என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. ஆனாலும் வரிக்கணக்கில் அவர்கள் சுயதொழிலர்தான். அவர்களிடம் வங்கி பே ஸ்லிப் கேட்காது. பொதுவாக இரண்டு ஆண்டு வரிக்கணக்கைக் கேட்கும், செலவு போக நிற்கும் லாபத்தை மட்டும் வருமானமாக எடுக்கும். வரி குறையட்டும் என்று செலவுகளை அள்ளிக் காட்டியவருக்கு, கடன் வாங்கும் நாளில் அதே கணக்குத் தடையாக வந்து நிற்கும்.

எவ்வளவு கிடைக்கும்

2025 ஏப்ரலில் 21 வயதுக்கு மேற்பட்டோருக்கான குறைந்தபட்ச மணிக்கூலி 12.21 பவுண்ட் ஆனது. அந்தக் கூலியில் வாரம் சராசரி 36 மணி நேரம், ஆண்டு முழுவதும் உழைத்தால் சுமார் 22,850 பவுண்ட். நாலரை மடங்கு என்றால் 1,02,000 பவுண்ட் சொச்சம். பிரிட்டனில் வீட்டின் சராசரி விலை இரண்டரை லட்சம் பவுண்டுக்கு மேல் இருக்கும்போது, லண்டனில் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருக்கும்போது, ஒற்றை ஆளின் குறைந்தபட்சக் கூலியில் வீடு என்பது வடக்கு இங்கிலாந்தின் சில ஊர்களில் மட்டுமே நடக்கும். இந்த உண்மையை மறைத்து நம்பிக்கை ஊட்டுவதில் பயனில்லை. பெரும்பாலும் வீடு வாங்குவது தம்பதியர். ஒருவருக்கு 28,000 பவுண்ட் நிரந்தரச் சம்பளம், மற்றவருக்கு மேற்சொன்ன 22,850 என்றால், இருவருக்குமாக 2,28,000 பவுண்ட் வரை போகும். ஜீரோ அவர்ஸ் வருமானத்தை ஏற்காத வங்கியில் இதே தம்பதியருக்கு 1,26,000 பவுண்ட்தான். வங்கியைத் தேர்ந்தெடுப்பதன் கனம் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது.

நாலரை மடங்கு என்பது உச்ச வரம்பு மாதிரிதான், எல்லோருக்கும் கிடைப்பதில்லை. நாலரை மடங்கும் அதற்கு மேலும் போகும் கடன்கள் மொத்தப் புதுக் கடன்களில் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று நாட்டின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி 2014-இல் வகுத்த எல்லை சில தளர்வுகளோடு இன்றும் இருக்கிறது. அதற்குக் கீழே, செலவுகளை வைத்து வங்கி தனிக் கணக்குப் போடும். குழந்தைகளின் நர்சரிக் கட்டணம், கார் கடன், கிரெடிட் கார்டு பாக்கி ஆகியவை மாதா மாதம் எவ்வளவு தின்கின்றனவோ அந்த அளவுக்குக் கடன் சுருங்கும்.

வட்டி ஏறினால் தாங்குவாரா என்றும் பார்க்க வேண்டும். 1,50,000 பவுண்ட் கடனுக்கு 4.5 சதவீத வட்டியில் 30 ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 760 பவுண்ட். மேற்சொன்ன 12.21 பவுண்ட் கூலிக்காரர் வரிக்கு முந்தைய கணக்கில் 62 மணி நேரம் உழைத்தால்தான் அது வரும். வட்டி ஒரு புள்ளி ஏறி 5.5 ஆனால் தவணை 852. இப்படிக் குறைந்தது ஒரு புள்ளி ஏற்றத்தைத் தாங்க முடியுமா என்று சோதிக்க விதி சொல்கிறது. ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ வட்டி மாறாத கடனுக்கு மட்டும் இந்தச் சோதனை கட்டாயமில்லை. அதனால் ஐந்தாண்டு நிலை வட்டியைத் தேர்ந்தெடுப்பவருக்குச் சில வங்கிகளில் கொஞ்சம் கூடுதல் கடன் கிடைக்கும். வருமானமே ஆடிக்கொண்டிருப்பவருக்குத் தவணையாவது ஆடாமல் இருப்பது நல்லது என்ற முறையிலும் அது பொருத்தமானது.

கணக்கு எட்டவில்லை என்றால் இரண்டு வழிகள் பேசப்படுகின்றன. ஒன்று, பெற்றோரோ உடன்பிறந்தாரோ கடனில் மட்டும் சேர்ந்துகொண்டு வீட்டுப் பத்திரத்தில் சேராமல் இருப்பது. அவர்களுடைய வருமானமும் கணக்கில் வரும். தவணை நின்றால் அவர்களும் முழுப் பொறுப்பு. உறவு கெட இது போதும் என்பதால் யோசித்து இறங்க வேண்டிய வழி. மற்றது ‘ஷேர்ட் ஓனர்ஷிப்’. வீட்டில் 10 முதல் 75 சதவீதம் வரை ஒரு பங்கை வாங்கிக்கொண்டு மீதிக்கு வாடகை கட்டுவது. இங்கிலாந்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 80,000 பவுண்டுக்குள், லண்டனில் 90,000-க்குள் இருக்க வேண்டும். சேவைக் கட்டணம், வாடகை உயர்வு இரண்டையும் ஒப்பந்தத்தில் வரி விடாமல் படிக்காமல் கையெழுத்திடக்கூடாது.

முன்பணமும் சீட்டுப் பணமும்

பொதுவாக வீட்டு விலையில் குறைந்தது 5 சதவீதம் கையிலிருந்து போட வேண்டும். ஜீரோ அவர்ஸ் வருமானக்காரரிடம் 10 சதவீதமோ மேலோ எதிர்பார்க்கும் வங்கிகள் உண்டு. நிரந்தர வதிவிட உரிமை இன்னும் கிடைக்காதவரிடம் அதற்கும் கூடக் கேட்பார்கள். முன்பணம் கூடக் கூட வட்டி குறையும், மறுப்பும் குறையும். முதல் வீட்டுக்காகச் சேமிப்போருக்கு ‘லைஃப்டைம் ஐசா’ என்ற கணக்கு இருக்கிறது. 40 வயதுக்குள் தொடங்க வேண்டும். ஆண்டுக்கு 4,000 பவுண்ட் வரை போட்டால் அரசு 25 சதவீதம் சேர்க்கும். வீட்டு விலை 4,50,000 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். கணக்குத் தொடங்கி ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். வேறு செலவுக்கு எடுத்தால் 25 சதவீத அபராதம். போட்டது ஆயிரம், அரசு சேர்த்தது 250, அபராதம் போக மிஞ்சுவது 937.50, சொந்தப் பணத்திலேயே 62.50 பவுண்ட் போய்விடும்.

தமிழ்க் குடும்பங்களில் முன்பணம் சேரும் இன்னொரு வழி சீட்டு. இருபது பேர் மாதம் 500 பவுண்ட் போட்டு ஒருவர் 10,000 எடுப்பது நம்பிக்கையின் பேரில் நடக்கும் ஏற்பாடு. அதை எடுத்துக் கணக்கில் போட்டவுடன் சிக்கல் தொடங்கும். கறுப்புப் பண மாற்றத்தைத் தடுக்கும் விதிகளின்படி, வீட்டுப் பத்திர வேலை பார்க்கும் சொலிசிட்டரும் வங்கியும் முன்பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டாக வேண்டும். ‘சீட்டு’ என்று சொன்னால் புரியாது. சீட்டை முதலிலேயே எடுத்தவர் என்றால் மாதா மாதம் கட்டவேண்டிய பாக்கியும் இருக்கும். அது கடன் மாதிரிதான். கடைசியில் எடுப்பவருக்கு அது சேமிப்பு. ஒவ்வொரு மாதமும் கணக்கிலிருந்து பணம் போனதைக் காட்ட முடிந்தால் விளக்குவது சுலபம். ரொக்கமாகக் கட்டி ரொக்கமாக எடுத்த சீட்டை விளக்குவது மிகக் கடினம். வீடு வாங்கும் எண்ணம் உள்ளவர் சீட்டுக் காசை வங்கிக் கணக்கு வழியாகவே கட்டுவது நல்லது. ஊரில் காணி விற்று அனுப்பிய பணத்துக்கு விற்பனைப் பத்திரமும், உறவினர் கொடுத்த பணத்துக்குத் திருப்பிக் கேட்கமாட்டோம் என்ற கடிதமும் தேவைப்படும்.

முந்திய நடத்தை

கடன் வரலாற்றைச் சேகரிக்கும் மூன்று நிறுவனங்கள் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன். தவறிய தவணையும் நீதிமன்றக் கடன் தீர்ப்பும் ஆறு ஆண்டு அங்கே நிற்கும். மூன்றிலும் உள்ள பதிவை இலவசமாகப் பார்த்துப் பிழை இருந்தால் திருத்தலாம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் முகவரியைச் சரிபார்ப்பது சுலபமாகும். இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டவர் என்பதால், அங்கே தங்க அனுமதி பெற்றுக் குடியிருப்பவர்கள் பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாமலேயே அந்தப் பட்டியலில் பதியலாம். இது தெரியாமல் விட்டவர்கள் பலர்.

அடுத்தடுத்து நாலைந்து வங்கியில் விண்ணப்பித்து மறுப்பு வாங்குவது பதிவைக் கெடுக்கும். ஜீரோ அவர்ஸ் வருமானத்தை எந்த வங்கி எப்படிக் கணக்கிடுகிறது என்பது மார்ட்கேஜ் புரோக்கர்களுக்குத் தெரியும். அவர்களை நாடுவது இந்த ஒரு விஷயத்தில் வீண் செலவல்ல. எஃப்.சி.ஏ. பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா, சந்தையில் உள்ள வங்கிகளையெல்லாம் பார்ப்பவரா, கட்டணம் எவ்வளவு, வங்கியிடமிருந்து கமிஷன் எவ்வளவு என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். உறுப்பினர்களுக்கே சொந்தமான, வீட்டுக் கடன் கொடுக்கும் ‘பில்டிங் சொசைட்டி’களையும் மறக்கக்கூடாது. பிரிட்டனில் நாற்பது சொச்சம் இருக்கின்றன. அவற்றில் சிறியவை பலவற்றில் கம்ப்யூட்டர் மதிப்பெண் மட்டும் முடிவு செய்வதில்லை. மனிதர் ஒருவர் உட்கார்ந்து தாள்களைப் படிக்கிறார். ஏறி இறங்கும் வருமானத்துக்கு விளக்கம் சொல்ல முடிகிற இடம் அது.

பே ஸ்லிப்பில் எண்ணைக் கூட்டித் தருகிறேன் என்று சொல்லும் ‘ஏஜென்ட்’ எங்கும் கிடைப்பார். வங்கி சந்தேகப்பட்டால் வரித்துறையிடமே வருமானத்தைச் சரிபார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. பிடிபட்டால் 2006-ஆம் ஆண்டு மோசடிச் சட்டத்தில் குற்றம். மோசடிப் பதிவேட்டில் ஏறும் பெயர் ஆறு ஆண்டு இறங்காது. அந்த ஆண்டுகளில் சாதாரண வங்கிக் கணக்குத் தொடங்குவதே பாடாகிவிடும்.

வாங்கிய பிறகு

கடன் கிடைத்தாலும் ஒப்பந்தம் மாறுவதில்லை. அடுத்த மாதமே நேரம் குறையலாம். முன்கூட்டியே கணிக்கத்தக்க வேலை நேரத்தைக் கேட்கும் உரிமைக்காக 2023-இல் ஒரு சட்டம் நிறைவேறியது, நடைமுறைக்கு வரவே இல்லை. அதன் இடத்தில் 2025 டிசம்பரில் நிறைவேறிய வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம், தொழிலாளி உண்மையில் உழைத்துவரும் நேரத்தை ஒட்டி உத்தரவாதமான நேரத்தை முதலாளியே முன்வந்து தர வேண்டும் என்கிறது. அந்தப் பகுதியை 2027-இல் நடைமுறைப்படுத்த அரசு திட்டமிட்டது. அது ஒழுங்காக நடந்தால் பலருடைய கடன் விண்ணப்பத்தில் ‘சராசரி’ என்ற சொல்லின் இடத்தில் ‘ஒப்பந்தம்’ என்ற சொல் வந்துவிடும். அதுவரை நிரூபிக்கும் பாரம் முழுவதும் தொழிலாளியின் தலையில்தான். நேரத்தை ஏற்றி இறக்கும் வசதி முதலாளிக்கு, அதற்கு விளக்கம் எழுதும் வேலை தொழிலாளிக்கு என்பது நியாயமான ஏற்பாடு அல்ல.

மூன்று மாதத் தவணையையாவது தனியே எடுத்து வைத்துவிட்டு வீடு வாங்குவது இந்த வருமானத்துக்கு அவசியம். முன்பணத்தைச் சற்றுக் குறைத்தாவது அதைச் செய்யலாம். குறைந்த வருமானத்தாருக்கான ‘யூனிவர்சல் கிரெடிட்’ உதவித்தொகை பெறுவோருக்கு மூன்று மாதத்துக்குப் பின் கடன் வட்டிக்கு அரசு உதவி கிடைக்கும். அது மானியம் அல்ல, வீட்டின் மேல் ஏறும் இன்னொரு கடன். அரசு உதவி பெறத் தடையுள்ள விசாக்காரருக்கு அதுவும் கிடையாது. 2023 ஜூனில் பெரும்பாலான வங்கிகள் ஒப்புக்கொண்ட சாசனத்தின்படி, ஒழுங்காகக் கட்டி வருபவர் ஆறு மாதம் வட்டியை மட்டும் கட்டலாம், அல்லது கடன் காலத்தை நீட்டிக்கொள்ளலாம். முதல் தவணை தவறி ஓராண்டுக்குள் விருப்பத்துக்கு மாறாக வீட்டைப் பறிக்கவும் கூடாது. ஆறு மாதச் சலுகை தவணை தவறாதவருக்குத்தான். ஷிஃப்ட் குறைகிறது என்று தெரிந்த வாரத்திலேயே, அடுத்த தவணை நாள் வருமுன், வங்கிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும்.